உள்ளான்களை அடையாளம் காணப் பழகிய மூன்று மாதம்

பறவை பார்க்கத் தொடங்கி ஆறு வருடமாகியும், சேற்றோரம் மேயும் உள்ளான்கள் என்றால் எனக்குத் தயக்கம்தான். சேற்றுத்திட்டில் ஐம்பது பறவை நிற்கும். எல்லாம் பழுப்பும் சாம்பலும், எல்லாவற்றுக்கும் நீண்ட மூக்கு. நோட்டில் "உள்ளான், இனம் தெரியவில்லை" என்று எழுதிவிட்டு வாத்துகள் பக்கம் பைனாகுலரைத் திருப்பிவிடுவேன். இந்த வருடம் ஆகஸ்ட் பாதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை உள்ளான்களையும் அவற்றோடு சேர்ந்து மேயும் கரைப்பறவைகளையும் மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்தேன். மொத்தம் பன்னிரண்டு பயணம். எட்டு முறை கடலோரக் காப்பகம், நான்கு முறை அறுவடை முடிந்து தண்ணீர் தேங்கிய வயல்வெளி.

இலையுதிர் காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருக்கிறது. வசந்தத்தில் வடக்கே போகிற பறவை இனப்பெருக்க நிறத்தில் இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். ஆனால் அவசரமாகப் போய்விடும். தெற்கே திரும்பும்போது நின்று நிதானமாக மேயும், நமக்கும் நேரம் கிடைக்கும். சிக்கல் என்னவென்றால், ஒரே இனத்தில் மூன்று விதமான பறவைகள் அப்போது கலந்து நிற்கும்: கோடை நிறம் மங்கிய பெரிய (முதிர்ந்த) பறவை, குளிர்கால சாம்பலுக்கு மாறிவிட்ட பறவை, அந்த வருடம் பொரித்த இளம்பறவை. நான் ஆறு வருடமாகத் திணறியது இங்கேதான்.

முதல் பயணம் வீண். காலை ஆறு மணிக்கே போய்ச் சேர்ந்தேன். கடல் உள்வாங்கிக் கிடந்தது. பறவைகள் எல்லாம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் தண்ணீர் விளிம்பில் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தன. வெயில் ஏறியதும் கானல் அலைய ஆரம்பித்தது. ஸ்கோப்பை (தொலைநோக்கியை) 60 மடங்குக்குக் கூட்டினால் பறவை இன்னும் கலங்கியது, 25 மடங்குக்குக் குறைத்தால் கொஞ்சம் தெளிந்தது. வீட்டுக்கு வந்த கையோடு, கடல் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைத் தேடி எடுத்தேன். கரைப்பறவை பார்க்க விடியற்காலையைவிட ஓதம் முக்கியம் என்பதை அன்றுதான் முழுதாக உணர்ந்தேன்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு நாள் நேரம் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். போன வாரம் காலை எட்டு மணிக்குச் சரியாக இருந்தது என்று இந்த வாரமும் எட்டு மணிக்குப் போனால் பறவை இருக்காது. உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் உட்கார்ந்துவிட வேண்டும். தண்ணீர் ஏற ஏற, சேறு சுருங்கச் சுருங்க, பறவைகள் தாமாகவே நம் பக்கம் நகர்ந்து வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் இன்னும் பெரிது. அப்படி ஒரு நாளில் கருவால் மூக்கன்கள் என்ற நீண்ட மூக்குக் கரைப்பறவைகள் முப்பது அடி தூரம் வரை வந்தன. நான் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றத்தின்போது கரையில் ஒதுங்கி நிற்கும் கூட்டத்தைப் படத்துக்காக எழுப்பிவிடாதீர்கள். அடுத்த ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு எரிக்க வேண்டிய கொழுப்பை அவை அங்கே சேமித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு பேர் கிட்டே போகப் போய் முந்நூறு பறவை மூன்று முறை எழுந்து சுற்றியதைப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

மூன்றாவது பயணத்தில் மரக்குடிலில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். நான் கையேட்டைப் புரட்டுவதைப் பார்த்துவிட்டு, "தம்பி, நிறத்தை விடுங்க. அது எப்படிச் சாப்பிடுதுன்னு பத்து நிமிஷம் பாருங்க" என்றார். "சரிங்க ஐயா" என்று புத்தகத்தை மூடிவைத்தேன். இந்த மூன்று மாதத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த யோசனை அது. உப்புக்கொத்தி என்ற கரைப்பறவை நாலடி ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து கொத்தும், மறுபடி ஓடும். அதற்குப் பெரிய கண், இரையைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கிறது. சேற்றில் துழாவும் உள்ளானோ தலையைத் தொங்கப் போட்டபடி தையல் இயந்திரம் போலக் குத்திக்கொண்டே போகும். அதன் மூக்கு நுனியில் தொடு உணர்வு அதிகம், சேற்றுக்குள் இருக்கும் புழுவைப் பார்க்காமலே கண்டுபிடிக்கிறது. கருவால் மூக்கன் ஒன்று மூக்கை வெளியே இழுத்தபோது, மூக்கின் நுனி மட்டும் மேல்நோக்கி வளைந்து திறந்ததை ஸ்கோப்பில் பார்த்தேன். மற்ற பாகம் மூடியே இருந்தது. சேற்றுக்குள் புதைந்த மூக்கால் இரையைப் பிடிப்பது அப்படித்தான்.

செப்டம்பர் முதல் வாரத்தில் ஒரு தவறு. வயலில் ஒரே சாயலில் இரண்டு பறவை, ஒன்று பெரியது, மற்றது கணிசமாகச் சின்னது. இரண்டு இனம் என்று எழுதி, பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இணையதளமான இபேர்டிலும் ஏற்றிவிட்டேன். இரவில் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தபோது முதுகின் செதில் வரி, சிறிய தலை, நடுத்தர மூக்கு எல்லாம் ஒன்றாகவே இருந்தன. இரண்டுமே பேதை உள்ளான். அதில் ஆண் ஏறக்குறைய 30 செ.மீ. இருக்கும், பெண் 24 செ.மீ. அளவுதான். கால் நிறமும் பறவைக்குப் பறவை மாறும். பதிவைத் திருத்தினேன். அதிலிருந்து, சந்தேகம் இருந்தால் அன்றே ஏற்றாமல் ஒரு நாள் ஆறப்போடுகிறேன்.

வயல் வாய்க்காலில் மூன்று உள்ளான்கள் என்னைப் பாடாய்ப் படுத்தின. பொரி உள்ளான், பச்சை உள்ளான், சாதாரண உள்ளான். நிற்கும்போது பிரிக்கக் கஷ்டப்பட்டேன், பறக்கும்போது எளிதாகிவிட்டது. பச்சை உள்ளானின் இறக்கையின் அடிப்பக்கம் ஏறக்குறைய கறுப்பு, பிட்டம் பளிச்சென்ற வெள்ளை. பொரி உள்ளானின் இறக்கையடி வெளுத்திருக்கும். சாதாரண உள்ளான் தண்ணீரை ஒட்டித் தாழப் பறக்கும், இறக்கையை விறைப்பாக அடித்துச் சற்று மிதந்து மறுபடி அடிக்கும். உட்கார்ந்தால் பின்பாகம் ஓயாமல் ஆடும், தோளுக்கு முன்னால் வெள்ளை ஆப்பு ஒன்று ஏறி நிற்கும். அக்கா மகளை ஒரு நாள் கூட்டிப்போயிருந்தேன். ஒன்பது வயது. "மாமா, அது நிக்கவே தெரியாத பறவை" என்றாள். அதற்குப் பிறகு அந்த இனம் எனக்கு ஒருபோதும் மாறிப்போகவில்லை.

நான் அதிக நேரம் செலவிட்டது வளைமூக்கு உள்ளானோடுதான். சைபீரியாவின் வடகோடியில், மரமில்லாத குளிர்ச் சமவெளியான தூந்திரத்தில் கூடு கட்டுகிறது. ஆண் அடைகாப்பதில்லை, அதனால் முதலில் தெற்கே கிளம்பிவிடும். பிறகு பெண், கடைசியாகக் குஞ்சுகள். ஆகஸ்டில் நான் பார்த்தவை வயிற்றில் செங்கல் நிறம் திட்டுத்திட்டாக எஞ்சிய பெரிய பறவைகள். செப்டம்பர் நடுவில் ஒரு நாள் கூட்டமே வேறு மாதிரி தெரிந்தது. நெஞ்சில் இளம் பீச் பழச் சாயல், முதுகில் ஒவ்வொரு இறகுக்கும் வெளிர் ஓரம், வரிசை பிசகாமல் செதில் அடுக்கியதுபோல. எல்லா இறகும் ஒரே சமயத்தில் முளைத்ததால் இளம்பறவையின் முதுகு அத்தனை சீராக இருக்கிறது. பெரிய பறவையின் முதுகில் பழைய நைந்த இறகும் புது இறகும் கலந்திருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைக் கண் பிடித்துக்கொண்டதும் மற்ற இனங்களிலும் வயதைச் சொல்ல முடிந்தது.

இந்தக் குஞ்சுகளுக்கு வழிகாட்டப் பெற்றோர் இல்லை என்பதை நினைக்காமல் அவற்றைப் பார்க்க என்னால் முடியவில்லை. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவுக்கு 13,560 கி.மீ. தூரத்தை நடுவில் எங்கும் இறங்காமல் 11 நாளில் பறந்து கடந்தது செயற்கைக்கோள் கருவியில் பதிவாகியிருக்கிறது. அப்போது அதன் வயது ஐந்து மாதம். தூந்திரத்தில் லெம்மிங் எலிகள் குறைந்த வருடங்களில் துருவ நரிகள் முட்டை, குஞ்சுகள் பக்கம் திரும்பிவிடும். அந்த இலையுதிர் காலத்தில் இளம்பறவை குறைவாகவே வரும். அதனால்தான் இப்போது வெறும் எண்ணிக்கையோடு நிறுத்தாமல், எத்தனை பெரியது, எத்தனை இளையது என்றும் எழுதுகிறேன். செப்டம்பர் 3-வது வாரத்தில் 41 வளைமூக்கு உள்ளானில் 17 இளம்பறவை.

அக்டோபரில் கொசு உள்ளான் ஒன்று வயல் வரப்பில் பத்தடி தூரத்துக்கு வந்தது. அசையாமல் உட்கார்ந்திருந்தேன். கைக்குள் அடங்கும் உடம்பு, முப்பது கிராம்கூடத் தேறாது. முதுகில் இரண்டு வெள்ளைக் கோடுகள் தோளிலிருந்து இறங்கி ஆங்கில 'வி' போலச் சேர்ந்தன. காலில் ஒட்டிய சேறு காய்ந்து வெடித்திருந்தது.

கடைசிப் பயணத்தில் ஒரே மூடுபனி. குடிலிலிருந்து பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. ஏற்றம் தொடங்கி அரை மணி ஆகியிருக்கும், இடப்பக்கமிருந்து மூன்று குரல், ஒரே உயரத்தில், ஒரே இடைவெளியில்: தியூ, தியூ, தியூ. பவளக்காலி என்ற இன்னொரு கரைப்பறவை என்றால் முதல் குரல் நீண்டு மற்றவை தாழ இறங்கும். பார்க்காமலே நோட்டில் "பச்சைக்காலி, 1" என்று எழுதி நேரத்தையும் குறித்தேன். இருபது நிமிடம் கழித்துப் பனி விலகியபோது முழங்கால் தண்ணீரில் அது நின்றுகொண்டிருந்தது. சற்றே மேல்நோக்கி வளைந்த மூக்கு, பச்சைக் கால்கள்.