முட்டிக்குப் போடற மாத்திரை

“வலி மாத்திரை எதுவும் போடக்கூடாது, சரிங்களாம்மா?”

“நானெங்க கண்ணு வலி மாத்திர போடறேன்.”

டிஸ்சார்ஜ் அன்று நடந்த பேச்சு இவ்வளவுதான். கேட்டது நான், வார்டு நர்ஸ். கேட்டுவிட்டேன் என்பதற்கு அடையாளமாகத் தாளில் ஒரு டிக்கும் போட்டேன். ஒன்பதாம் நாள் அந்த அம்மாவை உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கும் நிலையில் திரும்பக் கொண்டுவந்தார்கள். 54 கிலோவாக வீட்டுக்குப் போனவர் 58 கிலோ இருந்தார். சிறுநீரகம் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் 1.6 இருந்தது 3.4 ஆகியிருந்தது. பொட்டாசியம் 6.2. மருமகள் கொண்டுவந்த மஞ்சள் பையைக் கட்டிலில் கொட்டினோம். நாங்கள் கொடுத்த பட்டைகளுக்கு அடியில் ஒரு சின்னக் காகிதக் கவர். கடையில் கத்தரித்துக் கொடுத்த வலி மாத்திரை, டைக்ளோஃபெனாக் 50 மில்லிகிராம், நாலு மிச்சம்.

“இது என்னங்கம்மா?”

“அது முட்டிக்குப் போடறது கண்ணு.”

அவர் என்னிடம் பொய் சொல்லவில்லை. அவருக்கு வலி மாத்திரை என்றால் தலைவலிக்கும் உடம்புவலிக்கும் போடுவது. முட்டிக்குப் போடுவது வேறு. அது பல வருஷமாக அவருடைய சாப்பாட்டோடு சேர்ந்தது. என் கேள்விக்கு அவர் சொன்ன பதில், அவர் மொழியில், சரியான பதில். இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு ஆறவில்லை.

இதய பலவீனம், சர்க்கரை, பாதி வேலை செய்யும் சிறுநீரகம் மூன்றும் ஒருவருக்கே இருந்தால் அந்த ஒரு மாத்திரை என்ன செய்யும் என்பது வார்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் சொல்கிறேன். சிறுநீரகத்தின் சல்லடைக்கு ரத்தம் உள்ளே வர ஒரு மடை, வெளியே போக ஒரு மடை. டைக்ளோஃபெனாக் உள்மடையைச் சுருக்குகிறது. இதயத்துக்காக நாங்கள் கொடுத்த எனலாப்ரில் வெளிமடையைத் திறந்து வைக்கிறது. நீரைச் சிறுநீராக வெளியேற்றும் ஃப்ரூஸமைட் வாய்க்காலில் ஓடுகிற தண்ணீரையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் சல்லடையில் அழுத்தமே நிற்காது, சிறுநீர் குறையும். டைக்ளோஃபெனாக் உப்பையும் உடம்பில் பிடித்துவைக்கும், அதனால்தான் கால் வீங்கி எடை ஏறுவது. இதயத்துக்கே கொடுத்த இன்னொரு மாத்திரை, ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராம், ஏற்கெனவே பொட்டாசியத்தை வெளியே விடாமல் வைத்திருக்கிறது. சல்லடை படுத்துவிட்டால் அந்தப் பொட்டாசியத்துக்குப் போக வழியே இல்லை. 6.2 என்பது இதயத் துடிப்பு எந்த நேரத்திலும் தடம் மாறக்கூடிய அளவு.

அன்றைக்கு மதியத்துக்குள் ஏழு டிஸ்சார்ஜ். அந்த அம்மாவின் சீட்டில் மட்டும் ஒன்பது வரி. ஃப்ரூஸமைட் காலையும் மதியமும்தான், ராத்திரி போட்டால் எழுந்து எழுந்து பாத்ரூம் போய் விழுந்துவிடுவார் என்று சொன்னேன். சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மினைப் பாதியாகக் குறைத்ததைச் சொன்னேன். இன்னொரு சர்க்கரை மாத்திரையான கிளிமிபிரைடின் பழைய பட்டையைத் தூக்கிப் போடச் சொன்னேன், ஏனென்றால் சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அதன் வீரியம் உடம்பிலேயே தங்கி விடிகாலையில் சர்க்கரையை இறக்கிவிடும். ஊறுகாய், அப்பளம், கருவாடு வேண்டாம். சோடியம் குறைவு என்று விற்கிற உப்பும் வேண்டாம், அதில் இருப்பது பொட்டாசியம். இளநீர் வேண்டாம். தண்ணீர், மோர், காபி எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர். இவ்வளவையும் பத்து நிமிஷத்தில் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

ஒன்றையும் விடாமல் சொன்னதுதான் தப்போ என்றும் தோன்றுகிறது. மூச்சு வாங்கி ஆறு நாள் படுத்திருந்த 72 வயது அம்மாவின் காதில் அந்தப் பத்து நிமிஷத்தில் எது நின்றிருக்கும்? சீட்டில் வலி மாத்திரைக்குத் தடை இருந்தது, ஆங்கிலத்தில். அதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள், பேரன், பள்ளிக்கூடத்தில் இருந்தான்.

நாலாம் நாள் போன் செய்யவும் செய்தேன். மகன் எடுத்தார். “மாத்திரையெல்லாம் சரியாப் போடறாங்களா?” “போடறாங்க சிஸ்டர்.” மறுபடி அதே மாதிரிக் கேள்வி. ஆமாம் என்பதைத் தவிர வேறு பதிலுக்கு அதில் இடமே இல்லை. ஏழாம் நாள் ரத்தப் பரிசோதனைக்கு வரவில்லை. மூச்சு நன்றாக இருக்கும்போது எதற்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வரவேண்டும் என்று மகன் நினைத்திருக்கிறார். ஸ்பைரோனோலாக்டோன் புதிதாக ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்க்கவேண்டும், உடம்பு நன்றாக இருந்தாலும் பார்க்கவேண்டும், அந்த எண் கூடுவது வெளியே தெரியாது என்று யாராவது அவருக்குச் சொல்லியிருந்தால் வந்திருப்பார். நான் சொல்லவில்லை. “ஏழாம் நாள் வாங்க” என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு கேள்விகளை மாற்றிக்கொண்டேன். “பையை எடுத்துட்டு வந்து ஒவ்வொரு பட்டையா கையில எடுங்க, எந்த நேரத்துக்குப் போடறீங்கன்னு சொல்லுங்க” என்கிறேன். வீட்டில் இருக்கிற பழைய மாத்திரை, மற்ற டாக்டர் கொடுத்தது, கடையில் கவரில் வாங்கியது, நாட்டு மருந்து எல்லாம் அதே பையில் வரவேண்டும். 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியதிலிருந்து பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது பெரிய உபகாரம். ஆனால் நாங்கள் அளவை மாற்றியதைக் கொண்டுவந்து கொடுக்கும் பெண்ணுக்குச் சொல்லாவிட்டால் பழைய அளவும் புது அளவும் ஒரே டப்பாவில் சேர்ந்துவிடும். இப்போது அவர்களுக்கு நானே போன் செய்கிறேன்.

இன்சுலினுக்கு “சரியா போடறீங்களா” என்று கேட்பதே இல்லை. “ஊசியோட மூடி என்ன கலர்?” என்று கேட்கிறேன். எங்களிடம் தருவது ஒரு மில்லிக்கு 40 யூனிட் இருக்கிற குப்பி. அதற்குச் சிவப்பு மூடி ஊசி. கடையில் ஆரஞ்சு மூடி, அதாவது ஒரு மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான ஊசியைக் கொடுத்துவிட்டால் 20 கோடு வரை இழுத்தாலும் உள்ளே போவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்கவே இறங்காது, சாப்பாட்டில் கட்டுப்பாடில்லை என்று நோயாளியையே திட்டுவோம். தலைகீழாக, 100 யூனிட் இன்சுலினைச் சிவப்பு மூடி ஊசியில் 20 கோடு இழுத்தால் 50 யூனிட் போய்விடும். அது ஆளையே கொன்றுவிடக்கூடும்.

எடை மிஷின் இல்லாத வீட்டில் “எடை பாருங்க” என்று சொல்லிப் பயனில்லை. இருந்தால், காலையில் எழுந்து சிறுநீர் போனதும், காபிக்கு முன்னால், அதே மாதிரி உடுப்பில் பார்க்கவேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் ரிவியூ தேதிக்குக் காத்திருக்காமல் வரவேண்டும். இல்லாத வீட்டில், கணுக்காலுக்கு மேல் எலும்பின்மீது கட்டைவிரலால் ஐந்து விநாடி அழுத்தி எடுக்கச் சொல்கிறேன். குழி நின்றால் வாங்க. மூச்சு வாங்காமல் படுக்க நேற்று ஒரு தலையணை, இன்றைக்கு மூன்று தலையணை என்றாலும் வாங்க.

இதெல்லாம் சரிதான். ஆனால் கேள்வியை மாற்றியிருந்தால் அந்த அம்மா தப்பியிருப்பாரா என்று கேட்டால் எனக்கு நிச்சயமில்லை. வார்டில் இரண்டாம் நாளே “முட்டி குத்துது கண்ணு” என்று சொன்னார். காதில் விழுந்தது. மூச்சுத்திணறலில் வந்தவருக்கு முட்டியா முக்கியம் என்று எல்லோரும் விட்டுவிட்டோம். போடக்கூடாது என்று சொன்னோம். அதற்குப் பதிலாக அவர் கையில் என்ன கொடுத்தோம்? கவரைக் கண்டுபிடித்து வாங்கிவைத்திருந்தாலும் அடுத்த வாரம் இன்னொரு கவர் வாங்கியிருப்பார். கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது, நாலு படி இறங்கிப் போகவேண்டும். இது மருமகள் சொல்லித்தான் தெரியும். அதுவும் இரண்டாம் முறை வந்தபோது.

இரண்டாம் டிஸ்சார்ஜில் பாராசிட்டமால் எழுதினார்கள், 500 மில்லிகிராம் ஒரு நாளைக்கு மூன்று. வலி வந்தபின் அல்ல, நேரப்படி. ஒத்தடம். வலது முட்டி மோசம் என்பதால் கைத்தடியை இடது கையில் பிடிக்கப் பழக்கினோம். பிசியோதெரபி சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்து முட்டியை நீட்டி மடக்கக் கற்றுக்கொடுத்தார். டைக்ளோஃபெனாக் பட்டை ஒன்றை அந்த அம்மாவின் கையில் கொடுத்து, பெயரைக் காட்டாமல், “இந்த முட்டி மாத்திரை” என்றே சொல்லி, இது ஏன் கூடாது என்று சொன்னேன். கேட்டதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன். அழகாகச் சொன்னார். கடைசியில், “பாரசிட்டமாலு அதுமாரி கேக்காது கண்ணு” என்றார்.

அவர் சொன்னதும் சரிதான்.

மூன்றாம் நாள் போன் செய்தபோது எடையைக் கேட்கவில்லை, வீக்கத்தையும் கேட்கவில்லை. அம்மாவிடமே போனைக் கொடுக்கச் சொல்லி, “முட்டி எப்படி இருக்குங்கம்மா? பின்னால எப்படிப் போறீங்க?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. மருமகள் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது.

“குத்திக்கிட்டுதான் இருக்குது கண்ணு. அந்த மாத்திர இன்னும் போடல.”

இன்னும்.