ஒரு கட்டு முருங்கைக்கீரை, ஒன்பது கைகள்

நீர்வண்ணம் பழக ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. முதல் மாதம் முழுக்க மலை, ஏரி, பனிமூட்டம். எல்லாம் போனில் பார்த்து வரைந்தவை. ஒருநாள் அம்மா எட்டிப் பார்த்து, "இது எந்த ஊருடா?" என்றாள். எனக்கே தெரியவில்லை. அன்றோடு மலைகளை நிறுத்திவிட்டேன். இனி வீட்டுக்குள் இருப்பது மட்டும்தான்.

முதலில் எடுத்தது எவர்சில்வர் குடம். அசையாமல் இருக்கும், சுலபம் என்று நினைத்தேன். சாம்பல் நிறத்தைக் குழைத்து அடித்ததில் சிமெண்ட் குடம் வந்தது. மறுநாள் வரையாமல் பத்து நிமிடம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். குடத்தில் சாம்பலே இல்லை! ஜன்னலின் நீலம், சுவரின் மஞ்சள், நடுவில் நீளமாக இழுபட்ட என் சிவப்பு பனியன். பளபளப்பு என்பது வெள்ளைக்குப் பக்கத்திலேயே சட்டென்று ஒரு கருப்புப் பட்டை வருவதுதான். அந்த வெள்ளையைப் பூச முடியாது, தாளை அப்படியே விட்டுவைக்க வேண்டும். கருப்புக்கு அல்ட்ராமரீன் நீலமும் பர்ன்ட் சியன்னா பழுப்பும் கலந்தேன். நீலம் கூடினால் குளிர்ச்சி, பழுப்பு கூடினால் சூடு. இந்த இரண்டு டியூபிலேயே பாதி சமையலறையை வரைந்துவிடலாம்.

நான்காவது குடம் குடமாக வந்தது. இத்தாலியில் பொலோன்யா நகரத்து ஓவியர் ஜார்ஜோ மொராண்டி, சகோதரிகளோடு வாழ்ந்த வீட்டில் அதே பாட்டில்களையும் ஜாடிகளையும் பல பத்தாண்டுகள் வரைந்தவர். நாலு குடத்துக்கே அலுத்துக்கொள்வது நியாயமில்லை.

நடுவில் தாள் ஒரு பாடம் கற்றுக்கொடுத்தது. 'நீர்வண்ணத்துக்கு ஏற்றது' என்று போட்டிருந்த நோட்டை நம்பி வாங்கினேன். இரண்டாம் முறை தூரிகை பட்டதும் மேல்பரப்பு திரிதிரியாக உரிந்தது. இப்போது 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள பருத்தித் தாள். விலை கடிக்கிறது என்பதால் ஒவ்வொன்றையும் நாலாக வெட்டிக்கொள்கிறேன்.

அப்புறம் மனிதர்கள். அப்பா பேப்பர் படிப்பதை வரைந்தேன். பாதியில் தூங்கிவிடுவார், எனக்கு வசதி.

அம்மாதான் கஷ்டம். ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாள். சரி, வேலை செய்யும்போதே வரையலாம் என்று முருங்கைக்கீரை ஆயும்போது எதிரில் உட்கார்ந்தேன். முதல் அரை மணியில் எதுவும் தேறவில்லை. கையைப் பார்த்துவிட்டுத் தாளைப் பார்ப்பதற்குள் கை வேறெங்கோ போயிருக்கும். பிறகுதான் கவனித்தேன், அந்தக் கை திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருகிறது. இடது கை காம்பைப் பிடிக்கும், வலது கை உருவும், முறத்தில் உதறும், மறுபடி காம்பு. ஆகவே ஒரே தாளில் மூன்று கைகளைத் தொடங்கினேன். பிடிக்கும் கை வரும்போது அதில் ஒரு கோடு, உதறும் கை வரும்போது இதில் ஒரு கோடு. கீரை முடிவதற்குள் மூன்று தாளில் ஒன்பது கைகள். ஐந்து பரவாயில்லை.

முகம் வரையவே இல்லை. பத்திரிகை ஓவியர் கோபுலுவின் பழைய சித்திரங்களில் முகத்தை விரலால் மறைத்துப் பார்த்தாலும், உட்கார்ந்திருக்கும் தோரணையிலேயே ஆள் யாரென்று தெரியும். அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், இது அம்மாவின் கை என்று தங்கை பார்த்தவுடன் சொன்னாள். கட்டைவிரல் நகத்தின் கீரைக்கறையை வைத்துத்தான்.

அம்மாவிடம் காட்டினேன். கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "காம்பை ஏன் இப்படிப் பச்சையா நிமிர்த்தி வச்சிருக்க? ராத்திரி துணியில சுத்தி வச்ச கீரை. இலை தானா உதிரும், காம்பு துவண்டுல்ல இருக்கும்" என்றாள். பார்த்தால் உண்மைதான். இலை ஏன் அவ்வளவு லேசாக வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. காம்பைத் துவளவிட்டு மறுபடி வரைந்ததில், பிடித்த விரல்களின் இறுக்கமும் தளர்ந்தது. படத்தில் இருந்த ஏதோ ஒரு விறைப்பு போனது.

ஒரு புதுச் சிக்கல்: இப்போது நான் நோட்டை எடுத்தாலே அம்மா எனக்காக மெதுவாகச் செய்கிறாள். அப்படிச் செய்தால் அது அவள் கை மாதிரியே இல்லை. சொல்லிப் பார்த்தேன். "சரி, நாளைக்கு வாழைப்பூ வாங்கிட்டு வா. ஒவ்வொரு பூவுலயும் கள்ளன் நரம்பை எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும். உன்னைப் பாக்க எனக்கு எங்க நேரம்?" என்றாள்.

இரண்டு பூ வாங்கி வைத்திருக்கிறேன்.