ரயில் ரத்து, இட்லி ரெடி

அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை, ஊட்டி மலை ரயில். விடிகாலையிலேயே மேட்டுப்பாளையம் ஸ்டேஷன்ல ஆஜர். 7.10 வண்டி. அஞ்சு நிமிஷம் இருக்கும்போது அறிவிப்பு: கல்லாறுக்கு மேல மண்சரிவு, குன்னூர் வரைக்கும் வண்டி கிடையாது.

எனக்கு வந்துச்சே ஒரு கடுப்பு! ஐப்பசி மழைல டிக்கெட் போட்ட என்னைத்தான் சொல்லணும். அம்மா அசரலை. "இட்லி ஆறிடும்டா, முதல்ல சாப்பிடு"ன்னு பெஞ்சுலயே வாழையிலைப் பொட்டலத்தைப் பிரிச்சுட்டாங்க. நல்லெண்ணெய் ஊறின பொடி இட்லி. பக்கத்துல முகம் தொங்கிப்போய் உக்காந்திருந்த குடும்பத்துக்கும் ஆளுக்கு ரெண்டு.

அந்தக் குடும்பத்து அண்ணன்தான் விசாரிச்சு சொன்னார், குன்னூர்ல இருந்து ஊட்டிக்கு வண்டி ஓடுதாம். எல்லாரும் பஸ் ஏறினோம். 14 கொண்டை ஊசி வளைவும் அம்மா எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டே வந்தாங்க. குன்னூருக்குக் கீழதான் இன்ஜினோட பல்சக்கரம் கவ்வி ஏறுற பல் தண்டவாளம், நீராவி இன்ஜின் எல்லாம். மேல டீசல். எனக்கு அது குறைதான்.

அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கே இல்லை. கேத்தி தாண்டும்போது ஜன்னலுக்குள்ள மேகம் வந்துச்சு. கையை நீட்டிப் பார்த்துட்டு, ஈரத்தை முந்தானைல துடைச்சுட்டு, "அந்தப் பொட்டலத்துல இன்னும் நாலு இட்லி இருக்குல்ல?"ன்னாங்க.