அமன்யா

"அமன்யா" என்றார் மெஸ்த்ரே. போர்த்துக்கீச மொழியில் நாளைக்கு என்று அர்த்தம். நான் முதலுதவிப் புத்தகத்தை மூடி லாச்சிக்குள் வைத்தேன். நடந்தது அவ்வளவுதான்.

கட்டட வேலைத் தளத்தில் பலகையோடு படியில் சறுக்கிய மெஸ்த்ரே, விழாமல் இருக்க ஒரு கையால் கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். வலது தோள். ஐஸ் பை எடுத்துக் கொடுத்தவன் நான். தளத்தின் பாதுகாப்புப் பொறுப்பும் என்னுடையதுதான். ஐஸ் வைத்தால் அதுவும் முதலுதவி. பெயர், நேரம், எங்கே அடி என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த ஒரு வரியைத்தான் நாளைக்கு எழுதச் சொன்னார்.

நாளைக்கா? எங்கள் தளத்தில் அமன்யாவுக்கு இன்னொரு பொருளும் உண்டு. லொறி எப்போது வரும்? அமன்யா. வாங்கிய கடன்? அமன்யா. விடு, பார்க்கலாம் என்கிற அமன்யா. அவர் எதைச் சொன்னார் என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் மூடினேன்.

அவர் போர்த்துக்கலின் சாவோ மிகேல் தீவுக்காரர். 1971இல், 16 வயதில், தகப்பனோடு ரொறன்ரோவுக்கு வந்தவர். இன்னும் கொஞ்சம் வளர்ந்தால் பிடித்து அப்போதைய காலனிகளான அங்கோலாவுக்கோ மொசாம்பிக்குக்கோ சண்டைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தாய் அழுது அனுப்பிவைத்தாராம். "உன் அம்மாவும் அப்படித்தானா?" என்று கேட்டார். ஓம் என்றேன். யாழ்ப்பாணத்தில் அப்படி மகனை அனுப்பிய அம்மாக்களுக்குக் குறைவா? அன்றிலிருந்து அவருடைய சாப்பாட்டில் பாதி எனக்கு. "பாவ்ங்" என்று நீட்டுவார், "பாண்" என்று வாங்குவேன். 1619 முதல் 1658 வரை எங்களை ஆண்டுவிட்டுப் போனவர்களின் சொற்கள்தான். சப்பாத்து, சாவி, அலவாங்கு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சிரிப்போம். மெஸ்த்ரே என்பதும் நம் மேஸ்திரிதான்.

பத்து மணிக் கோப்பி நேரத்தில் மனைவிக்கு ஒரு கோல் எடுப்பார். பேச ஒன்றும் இருக்காது. சாப்பிட்டாயா என்பதோடு முடிந்துவிடும். ஆனால் ஒரு நாளும் தவறியதில்லை.

அன்று ஐஸ் பையைத் தோளில் வைத்தபடியே அவர் சொன்ன கணக்கு இது. மகளுக்கு இன்னும் ஒரு வருடப் படிப்பு பாக்கி. சனிக்கிழமை ஓவர்டைம் முழுக்க அதற்குத்தான் போகிறது. எழுதினால் டொக்டர், டொக்டர் என்றால் இலேசான வேலை, ஓவர்டைம் கிடையாது. வீட்டில் இருந்தாலோ கைக்கு வருகிற சம்பளத்தில் 85 வீதம்தான் இழப்பீடு. 62 வயதில் தோள் போனவன் என்று பெயர் எடுத்தால் அடுத்த தளத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? எல்லாம் நியாயம். வெறும் முதலுதவியோடு முடிந்தால் இழப்பீட்டுச் சபைக்கு அறிவிக்கத் தேவையில்லை என்று சட்டமும் சொல்கிறது. அதையும் அன்று இரவே எடுத்து வாசித்து ஆறுதல் பட்டுக்கொண்டேன்.

ஆனால் வாசலில் ஒரு பலகை இருந்தது. விபத்தில்லாத நாட்கள் என்று போட்டு, தினமும் காலையில் இலக்கத்தை மாற்றுகிறவன் நான். மறுநாள் காலையும் மாற்றினேன். கை நடுங்கவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது. அவருக்காகவா மூடினேன், அந்த இலக்கத்துக்காகவா?

அவருடைய மனைவி வேறு மாதிரி. ரொறன்ரோவின் ஃபர்ஸ்ட் கனேடியன் பிளேஸ் கோபுரத்தைத் துப்புரவு செய்த போர்த்துக்கீசப் பெண்கள் 1984இல் ஆறு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்களே, அதில் அவரும் நின்றவர். மெஸ்த்ரே இதைப் பெருமையாகச் சொல்வார். அந்த அம்மாவிடம் அன்று கேட்டிருந்தால் "எழுது" என்றுதான் சொல்லியிருப்பார். கேட்க எனக்கு எண்ணமே வரவில்லை. அல்லது வந்து, தள்ளிவிட்டேனோ.

மகள் படித்து முடித்தாள், வேலையிலும் சேர்ந்துவிட்டாள். அப்புறம் அவர் ஓய்வு பெற்றார். கை இப்போது தோளுக்கு மேலே போவதில்லை. வேலையில் பட்ட அடி என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூட இல்லை. இழப்பீட்டுக்குத் தொழிலாளி ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் பிந்தியும் ஏற்பார்கள். அந்தக் காரணத்தை எழுதிக் கொடுக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான். எழுதினால் அன்று எழுதாததையும் எழுத வேண்டும்.

எழுதியிருக்க வேண்டும். ஆனால் மறுபடி அதே ஐஸ் பையோடு வந்து அதே கணக்கைச் சொன்னால்? எழுதமாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

போன நவம்பரில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். பின்வளவில் அத்திமரத்தைப் பனிக்காலத்துக்குப் புதைத்துக்கொண்டிருந்தார். வேரின் ஒரு பக்கத்தைத் தோண்டி, கிளைகளைக் கட்டி, மரத்தைப் பள்ளத்துக்குள் சாய்க்க வேண்டும். கயிற்றின் ஒரு முனையை அவர் இடது கையில் சுற்றிக்கொண்டார், மற்றதை நான் இழுத்தேன். மரம் மெல்லச் சரிந்து படுத்தது. மேலே போட ஒரு பலகை சுவரோடு சாய்ந்து நின்றது. அவர் அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

நான் போய்த் தூக்கினேன்.