பெல்ட்டில் மூன்று புது ஓட்டைகள்

கல்லிடைக்குறிச்சியில் என் பெரியப்பா வேட்டிக்கு மேல் அகலமான பச்சை பெல்ட் கட்டுவார். அந்த வருஷம் கார் அறுவடை முடிவதற்குள் ஆணியை வைத்து அதில் மூன்று ஓட்டை புதிதாகப் போட்டுவிட்டார். "என்ன பெரியப்பா, இப்படி மெலிஞ்சிட்டிய?" என்று கேட்டால், "சுகர்லா வந்திருக்கு, அப்படித்தான் இருக்கும்" என்பார். நாங்களும் சரி என்று இருந்துவிட்டோம். 61 வயது வரை சுகரே இல்லாத மனுஷன், குடும்பத்திலும் யாருக்கும் கிடையாது, அது எங்கிருந்து வந்தது என்று ஒருத்தரும் யோசிக்கவில்லை. அப்புறம் நடுமுதுகில் வலி, உரமூட்டை தூக்கின பிடிப்பு என்று தைலம் தேய்த்தோம். கண் மஞ்சளானதும் பெரியம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து மூன்று வாரம் கொடுத்தார்கள். மஞ்சள் இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிப்பு, மலம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போனது. பாளையங்கோட்டையில் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுக் கட்டி, கல்லீரலுக்கும் பரவியிருந்தது.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் கிடக்கிறது, வயிற்றை அமுக்கிப் பார்த்தால் கட்டி லேசில் தட்டுப்படாது. தலைப்பகுதியில் வளரும் கட்டி பித்தக் குழாயை நெருக்குவதால்தான் காமாலை வருகிறது, வால் பகுதி என்றால் பெரும்பாலும் அந்த எச்சரிக்கையும் கிடையாது.

என்னைத் தூங்கவிடாதது கணையப் புற்றுநோய் பற்றி 2010-ல் வந்த ஓர் ஆய்வு. முதல் மரபணுப் பழுதிலிருந்து புற்றுச் செல் உருவாகவே பத்து வருஷத்துக்கு மேல், அது பரவும் திறன் பெற இன்னும் ஐந்து வருஷமாவது ஆகும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அவ்வளவு காலம் உள்ளே இருக்கிறது, பிடிக்கத்தான் வழியில்லை. இந்தப் புற்றில் ரத்தத்தில் ஏறும் ஒரு பொருளை அளக்கும் சிஏ 19-9 பரிசோதனை பித்தக் கல்லுக்கும் ஏறிக் காட்டும், சிலர் உடம்பில் அந்தப் பொருள் உருவாகவே செய்யாது. அதனால் நோய் அறிகுறி இல்லாத எல்லோருக்கும் சோதனை செய்யச் சொல்வதில்லை. குடும்பத்தில் இந்த நோய் வந்தவர்களுக்கு, பரம்பரை மரபணுப் பழுது உள்ளவர்களுக்கு எம்.ஆர்.ஐ., எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் என்று கண்காணிக்கிறார்கள். இன்சுலின் சுரப்பது கணையம்தான், அதனால் 50 வயதுக்கு மேல் புதிதாக வரும் சுகர் இந்தப் புற்றின் அறிகுறியா என்றும் ஆராய்கிறார்கள். அப்படி வருபவர்களில் நூற்றில் ஒருவருக்குத்தான் மூன்று வருஷத்துக்குள் இந்தப் புற்று தெரியவருகிறது, ஆனால் எடையும் சேர்ந்து இறங்கினால் சந்தேகம் கூடுகிறது.

போன மாசம் அம்பையில் மாமாவுக்கு 58 வயதில் புதிதாக சுகர், ஆறு கிலோ குறைந்திருக்கிறார் என்றதும் நானே டாக்டரிடம் கேட்டு ஸ்கேன் எழுதி வாங்கினேன். கணையத்தில் ஒன்றும் இல்லை. வீண் செலவு என்று மாமாவுக்கு இன்னும் என் மேல் கோபம், இருக்கட்டும்.