மல்லாக்க நீச்சல்

29 ஆகஸ்ட் 2024, வியாழன்
பாரிஸ் பாராலிம்பிக்ஸ் தொடங்கிவிட்டது. ராத்திரி சின்னவன் போனை மடியில் வைத்துக்கொண்டு கத்தினான்: "அம்மா, இவருக்கும் என்னை மாதிரியே கை!"

பிரேசில்காரர், கேப்ரியல் அராவுஜோ. வயது 22. பிறவியிலேயே கைகள் மிகவும் குட்டை, கால்களும் வளர்ச்சி குறைந்தவை. 100 மீட்டர் மல்லாக்க நீச்சலில் உடம்பையே வளைத்து வளைத்து, மீன் மாதிரி போனார். 1 நிமிடம் 53.67 விநாடி. தங்கம். டோக்கியோவில் இதே போட்டியில் அவருக்கு வெள்ளிதான். ஜெயித்ததும் நாக்கை நீட்டிச் சிரித்தார், இவனும் நீட்டினான்.

30 ஆகஸ்ட்
தூக்கம் வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

அண்ணன் தோட்டத்துக் கிணற்றில் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இடுப்பில் சுரைப்புருடை (மிதப்பதற்கான காய்ந்த சுரைக்குடுக்கை) கட்டி நீந்தப் பழகியவர்கள். இவனை மட்டும் நான் இறங்க விட்டதில்லை. நான்கு கோடை விடுமுறையும் மோட்டார் ரூம் திண்ணையில், மற்றவர்களின் துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருமுறை டவுனில் ஒரு நீச்சல் குளத்தில் சேர்க்கப் போனேன். கையைப் பார்த்துவிட்டு, "பொறுப்பேற்க முடியாதுங்க" என்றார்கள். அதைச் சாக்காகப் பிடித்துக்கொண்டேன். அவர்கள் மறுத்தது ஒருநாள், நான் மறுத்தது நான்கு வருஷம்.

31 ஆகஸ்ட்
50 மீட்டர் மல்லாக்க நீச்சலிலும் அராவுஜோவுக்கே தங்கம். "கை இல்லாம சுவரை எப்படித் தொடுறது?" என்று கேட்டான். தேடிப் பார்த்தேன். இரண்டு கையும் இல்லாத சீன வீரர் ஜெங் தாவ், துண்டைப் பல்லால் கடித்துப் பிடித்துப் புறப்பட்டவர், தலையால் சுவரை முட்டி முடித்தவர். உடல் குறைபாட்டுக்கு எஸ்1 முதல் எஸ்10 வரை பிரிவுகள் உண்டு. எண் குறையக் குறைய உடலின் தடை அதிகம். அராவுஜோ எஸ்2. அண்ணனுக்குப் போன் செய்தேன்.

1 செப்டம்பர், ஞாயிறு
சேர்வராயன் மலை மேல் மேகம் கவிந்திருந்தது. அண்ணன் முதலில் இறங்கினார். சின்னவனின் இடுப்பில் சுரைப்புருடை, அதற்கு மேல் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனை படியில் நின்ற என் கையில்.

"தலையைப் பின்னால போடு சாமி. காது நனையட்டும். மூச்சை இழுத்து நிறுத்து, நெஞ்சே உன்னைத் தூக்கும்."

தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். தூக்கியபோதெல்லாம் இடுப்பு தாழ்ந்தது. தண்ணீர் குடித்தான், இருமினான். நான் கயிற்றை இழுத்துவிட்டேன். "விடு அம்மா!" என்று அதட்டினான். அப்புறம் எப்போதோ காது நனைந்தது. அண்ணன் முதுகுக்கு அடியிலிருந்து கையை எடுத்தது அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

2 செப்டம்பர்
200 மீட்டரையும் அராவுஜோ நான்கு நிமிடத்துக்குள் முடித்துவிட்டார். இது மூன்றாவது தங்கம்.

4 செப்டம்பர்
நள்ளிரவு தாண்டி உயரம் தாண்டுதல். நம் பெரியவடகம்பட்டி மாரியப்பனுக்கு 1.85 மீட்டரில் வெண்கலம். ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, இப்போது இது. "நீச்சல்ல நம்ம நாட்டுக்கு?" என்றான். 1972இல் ஹைடல்பெர்க்கில் 50 மீட்டர் நீச்சலில் முரளிகாந்த் பேட்கர் வாங்கியதுதான் பாராலிம்பிக்ஸில் இந்தியாவின் முதல் தங்கம் என்றேன். அதை நோட்டில் எழுதித் தரச் சொன்னான்.

8 செப்டம்பர், ஞாயிறு
புருடை இல்லாமல், கயிறு மட்டும். கிணற்றின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம், மல்லாக்க, இடுப்பை அசைத்து அசைத்துப் போனான். பாதியில் கோணலாகிச் சுற்றினான், திரும்பவும் நேரானான். கடைசியில் தலை கல்லில் முட்டியது.

உச்சந்தலையில் சிராய்ப்பு. மஞ்சள் வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிற்றுக்குள் அந்தக் கல்லில் கோணிச்சாக்கு கட்டச் சொல்லி அண்ணனிடம் சொல்லியாயிற்று.