பதினெட்டு மூட்டையும் ஒரு பின் ஆக்சிலும்

கார்த்திகை மழை விட்டும் விடாமலும் இருந்த ஒரு சாயங்காலம். கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிப் பக்கம் இருக்கும் எங்கள் காப்பித் தோட்டத்திலிருந்து ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் பதினெட்டு மூட்டை, அதற்கு மேல் இரண்டு ஆட்கள். மூட்டைக்கு ஐம்பது கிலோ என்றால் கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளலாம். மூன்றாவது வளைவில் வலப்பக்கம் 'டக்'கென்று ஒரு சத்தம். வண்டியின் பின் மூலை அப்படியே உட்கார்ந்தது. சக்கரம் பிரேக் ட்ரம்மோடு கழன்று காப்பிச் செடிகளுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

பிரேக்கை மிதித்தால் கால் தரைவரை போனது. ட்ரம் போய்விட்டதால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்து ஆயில் மொத்தமும் கொட்டிவிட்டது. அந்தக் காலத்து ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான். ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தைப் பிடிப்பதல்ல. எஞ்சின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், பின் ஆக்சிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டைப் பிடிப்பது. பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் டூ வீலில், சக்கரத்தைச் சுற்றும் ஆக்சில் ஷாஃப்ட் ஒடிந்தபின் அதைப் பிடித்து என்ன பயன்? நல்லவேளையாக டிரைவர் அண்ணன் சேற்றுக்காக லோ கியரில் ஃபோர் வீல் போட்டிருந்தார். முன் ஆக்சில் எஞ்சினோடு பிணைந்திருந்ததால் முன் சக்கரங்கள் வண்டியைப் பிடித்து நிறுத்தின. டூ வீலில் வந்திருந்தால் இந்தக் கதையை வேறு யாராவது எழுதியிருப்பார்கள்.

மறுநாள் வத்தலக்குண்டிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். ஒடிந்த துண்டைத் துணியால் துடைத்து என் கையில் கொடுத்தார். சக்கரத்தின் நடு உருளையான ஹப் உட்காரும் கூம்புப் பகுதியில், ஹப்பையும் ஷாஃப்ட்டையும் பூட்டும் இரும்புச் சாவி போடும் காடியின் மூலையிலிருந்து விரிசல் தொடங்கியிருந்தது. ஒடிந்த முகத்தில் முக்கால் பாகம் கறுத்து மழுங்கிக் கிடந்தது. கால் பாகம் மட்டும் புது வெள்ளிபோல் மினுங்கியது.

"இது நேத்து ஒடிஞ்சதில்ல தம்பி. ரெண்டு வருசமா ஒடிஞ்சிக்கிட்டே இருந்திருக்கு" என்றார்.

இரண்டு வருடம் என்று அவர் சொன்னது எனக்குச் சுருக்கென்று தைத்தது. அதற்கு முந்தைய சீசனில்தான், பாரம் ஏற்றினால் வண்டி பின்னால் தாழ்கிறது என்று கமான் பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்கில்) இரண்டு பிளேட் கூடுதலாகப் போட்டேன். தாழ்வது நின்றது. தாழவில்லை என்றால் பாரம் கூடவில்லை என்று மனசு நம்பிவிடுகிறது. பத்து மூட்டை பதினான்காகி, பதினெட்டும் ஆனது. போதாக்குறைக்கு, பார்க்க நன்றாக இருக்கிறதே என்று சக்கரத்தை வெளியே தள்ளி நிற்கவைக்கும் அகல ரிம் வேறு மாட்டியிருந்தேன். சக்கரம் வெளியே போகப் போக ஷாஃப்ட்டை வளைக்கும் நெம்புகோல் நீளமாகிறது. ஆக, வண்டியைக் குற்றம் சொல்ல எதுவுமில்லை.

என் ஜீப்பில் இருந்தது செமி ஃப்ளோட்டிங் ஆக்சில். அதில் ஷாஃப்ட்டுக்கு இரண்டு வேலை: சக்கரத்தைச் சுற்றவும் வேண்டும், வண்டியின் பாரத்தைத் தாங்கவும் வேண்டும். சுற்றிக்கொண்டே தாங்குவதால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை மேலும் கீழுமாக வளைகிறது. கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்போமே, அதே கதைதான். ஃபுல் ஃப்ளோட்டிங்கில் ஷாஃப்ட்டை மூடியிருக்கும் இரும்புக் குழாயான ஹவுசிங்கின் முனையிலேயே இரண்டு பேரிங் போட்டு ஹப்பை உட்கார வைத்திருப்பார்கள். பாரம் முழுக்க ஹவுசிங்குக்குப் போய்விடும், ஷாஃப்ட் சுற்றினால் போதும். ஒடிந்தாலும் சக்கரம் இடத்திலேயே நிற்கும். லாரிகளில் இதைத்தான் காலங்காலமாகப் போடுகிறார்கள்.

சரி, அதையே போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன். முதலில் பார்த்தது கோவையில், உடைத்துப் போட்ட ஒரு பிக்கப்பின் ஆக்சில். தடித்த ட்யூப், பெரிய ட்ரம். முன்பணம் கொடுக்கப் போகும்போது பாய் தடுத்தார். அதன் டிஃபரன்ஷியல், அதாவது சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரப் பெட்டி, நட்ட நடுவில் இருந்தது. வில்லிஸ் வழி வந்த இந்தப் பழைய ஜீப்புகளில் டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஷாஃப்ட் வலப்பக்கமாக வெளியே வருவதால், பின் டிஃபரன்ஷியலும் வலப்பக்கம் ஒதுங்கித்தான் இருக்கும். நடுவில் இருப்பதைப் போட்டால் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் எப்போதும் சாய்ந்தே ஓடும். அதன் முனைகளில் இருக்கும் கிராஸ் ஜாயிண்டுகள் அடிக்கடி தேய்ந்துபோகும். எனக்கு அது தோன்றவே இல்லை.

திண்டுக்கல்லில் மூன்றாம் வாரம் வலப்பக்கம் ஒதுங்கிய ஒன்று கிடைத்தது. ஹவுசிங் வளையாமல் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தோம். சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்டட் ஐந்து, என் ரிம்முக்கும் அதே ஐந்தரை அங்குல வட்டம். ஆறு ஸ்டட்டாக இருந்திருந்தால் முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டு ஸ்டெப்னி சுமக்க வேண்டும். எல்லாம் சரி, பல் எண்ணிக்கைதான் இடித்தது. அதில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8 பல், அது சுற்றும் பெரிய சக்கரமான கிரவுனில் 39. என் முன் ஆக்சிலில் 8க்கு 43. அதாவது 4.88க்கும் 5.38க்கும் உள்ள வித்தியாசம். இந்த டிரான்ஸ்ஃபர் கேஸில் முன்னுக்கும் பின்னுக்கும் இடையே டிஃபரன்ஷியல் கிடையாது. இப்படியே ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்து ஏதாவது ஒன்று உடைந்தே தீரும். ஆகவே 43 பல் செட் தனியாகத் தேடி வாங்க வேண்டியதாயிற்று.

வேலை பதினோரு நாள் இழுத்தது. அறுவடை நேரம் வேறு. பறித்த பழத்தை அன்றைக்கே தோலுரிக்கும் பல்பரில் போட்டாக வேண்டும், ஜீப் வரும்வரை அது காத்திருக்காது. வாடகை பிக்கப்புக்குக் கொடுத்த பணத்தை எழுத வேண்டாம், வயிறு எரியும்.

கமான் உட்காரும் சீட்டுகளை அறுத்து, எங்கள் பட்டையின் அளவுக்கு மறுபடி வெல்டிங் செய்தார்கள். ஒரேயடியாகப் பற்றவைத்தால் சூட்டில் ட்யூப் வளைந்துவிடும் என்று, இந்தப் பக்கம் ஓர் அங்குலம் அந்தப் பக்கம் ஓர் அங்குலமாக, நடுநடுவே டீ குடித்துக்கொண்டு செய்தார்கள். வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, பாரம் வைத்து, பினியன் மூக்கு சரியான சாய்வில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் முழு வெல்டிங்.

நான் கூடவே இருந்து பார்த்தது கிரவுன் பினியன் செட்டிங். பாய் பல்லில் மஞ்சள் பெயிண்டைத் தடவி, கையால் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று டார்ச் அடித்துப் பார்த்தார். முதல் தடவை தடம் பல்லின் அடிவாரத்தில் விழுந்தது. பினியன் உள்ளே அதிகம் போயிருக்கிறது என்றார். கழற்றி, காகிதத்தைவிட மெல்லிய ஒரு ஷிம் தகட்டை எடுத்துவிட்டு மறுபடி. நாலாவது தடவை தடம் பல்லின் நடுவில், நாவல்பழ அளவில் வந்தது. டயல் கேஜ் வைத்துப் பல்லுக்குப் பல் இடைவெளி ஆறு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஆறு பங்கு) என்று பார்த்த பிறகே மூடி போட்டார். ஓடும்போது ஊளையிடும் ஆக்சில்கள் பெரும்பாலும் இந்த ஒரு மத்தியான வேலையை மிச்சம் பிடித்தவைதான் என்பது அவர் கட்சி. எனக்கும் அப்படித்தான் படுகிறது.

இதற்கிடையில் வண்டிகளுக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஆக்சில் பெருசாப் போட்டா ஆர்.சி.ல வெயிட் கூடிடும்னு நெனச்சியா?" நான் அப்படித்தான் நினைத்திருந்தேன். கூடாது. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) உள்ள மொத்த எடை தயாரிப்பாளர் சொன்ன எடை. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு தயாரிப்பாளர் அளவிலிருந்து மாற்றுவதையே தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்துவிட்டது. ரோட்டில் கூடுதல் பாரத்தோடு பிடித்தால் 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. இதை வேலை தொடங்கும் முன்பே கேட்டிருக்க வேண்டும். ஜீப் இப்போது தோட்டத்துப் பாதையோடு சரி. வத்தலக்குண்டுக்குச் சரக்கு வாடகைப் பிக்கப்பில் போகிறது.

முதல் ஓட்டத்தில் பத்து கிலோமீட்டர் போய் இறங்கி ஹப்பைத் தொட்டுப் பார்த்தோம். இடது பக்கம் வெதுவெதுப்பு, வலது பக்கம் கை வைக்க முடியவில்லை. பேரிங் நட் இறுக்கம் கூடிப்போயிருந்தது. தளர்த்தி, ஹப்பைச் சுற்றிக்கொண்டே மறுபடி இறுக்கி, கொஞ்சம் பின்வாங்கி, லாக் வாஷரை மடக்கினோம். நூறு கிலோமீட்டரில் ஷாஃப்ட்டை ஹப்போடு பிணைக்கும் ஃப்ளேஞ்ச் போல்ட்டுகளை இறுக்கிப் பார்த்தபோது எட்டில் மூன்று தளர்ந்திருந்தன. இதைச் செய்யாமல் விட்டவர்கள் போல்ட் துண்டுகளைத் துளைத்து எடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக பாய் என்னைக் கேட்காமலே ஒரு வேலை செய்தார். நான் போட்டிருந்த அந்த இரண்டு கூடுதல் பிளேட்டையும் உருவி ஓரமாகப் போட்டுவிட்டார். அகல ரிம்மும் போனது. இப்போது பன்னிரண்டாவது மூட்டையில் வண்டி பின்னால் குனிகிறது. "போதும்ணே, உக்காந்துருச்சு" என்று டிரைவர் அண்ணன் குரல் கொடுப்பார். மிச்ச மூட்டைகளைக் கொட்டகையிலேயே விட்டுவிட்டுக் கிளம்புகிறோம்.